“சொல்” என்றேன்

தாராவியில் அந்த வீட்டுக்குப் போய் ஓராண்டு ஆகப்போகிறது. அன்று நான் சொன்ன ஒற்றைச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

மருத்துவம், செவிலியம், பார்மசி, சமூகப்பணி படிக்கும் நால்வரை ஒரே குழுவாக்கிக் காசநோயாளிகளின் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். வீட்டில் ஒருவர் கேட்டது நால்வருக்கும் தெரிய வேண்டும் என்பது நான் வகுத்த விதி. அந்த அம்மா திருநெல்வேலிப் பக்கத்தவர். இட்லி அவித்து விற்பவர். 6 மாதச் சிகிச்சையில் இரண்டாவது மாதம். அட்டையில் மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. மருத்துவ மாணவர் இந்தியில் காரணம் கேட்டார். “மறந்துவிட்டேன்” என்றார்.

செவிலிய மாணவி தமிழ்ப்பெண். அருகில் உட்கார்ந்து, “சாப்பிட்டீர்களா அக்கா?” என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். மாத்திரை போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதாம். பொதுக் கழிப்பறையில் யார் கண்ணிலாவது பட்டால்? நோய் என்று தெரிந்தால் இட்லியை யார் வாங்குவார்கள்? “தாயி, இதை அவர்களிடம் சொல்லிவிடாதே.”

“என்ன சொல்கிறார்?” என்றார் மருத்துவ மாணவர். மாணவி என்னைப் பார்த்தாள். எனக்கும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. “சொல்” என்றேன். இந்தியில் சொன்னாள். வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இந்தி தெரியும்.

வேறென்ன செய்திருக்க முடியும்? மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். அவள் சொன்னதால்தானே பார்மசி மாணவர் அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம், கெடுதல் இல்லை, இரவில் போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினார்? பேச்சு நீண்டதில், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வராததும் தெரிந்து, சமூகப்பணி மாணவி அதைக் கையில் எடுத்தாள். நான் கற்பிக்க நினைத்தது அப்படியே நடந்தது.

ஆனால் வெளியே வந்து மாணவியிடம் கேட்டிருக்கலாம். “இவர்களிடம் சொல்லட்டுமா அக்கா?” என்று அந்த அம்மாவிடமே கேட்கும்படி அவளிடம் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போதும். வாசலில் ஆள் நின்றதைக் கவனிக்கவில்லை என்று சக ஆசிரியர்களிடம் சொன்னேன். உண்மையில் கவனித்தேனா இல்லையா என்பது எனக்கே தெளிவாக இல்லை. விதி மீறப்படக் கூடாது என்ற பதற்றத்தில் இருந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாணவி பிறகும் என்னிடம் மரியாதையாகத்தான் பழகினாள். அதைப் பற்றி அவளிடம் பேச எனக்குத்தான் வாய் வரவில்லை.

அந்த அம்மா அதன்பின் ஒரு வேளை தவறாமல் சிகிச்சையை முடித்தார். ஆனால் அடுத்தடுத்துப் போனபோதெல்லாம், மாணவி தமிழில் கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியிலேயே பதில் சொன்னார்.