திங்கட்கிழமை சூப்

போலந்தின் கிராக்கோவில் வாவெல் கோட்டையைக் காட்டுவதாகச் சொல்லித்தான் தோழி என்னை பெர்லினிலிருந்து ரயிலேற்றி அழைத்துப் போனாள். அவளுடைய பாட்டி போட்டிருந்த திட்டம் வேறு. சனிக்கிழமை காலை ஒரு துணிப்பையைக் கொடுத்து எங்கள் இருவரையும் ஸ்தாரி க்ளெபாஷ் சந்தைக்கு அனுப்பிவிட்டார்.

ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம். காய்ந்த பூக்களும் சாயம் தோய்த்த புல்லும் வைத்துக் கட்டிய ‘குருத்தோலை’கள் கடைக்குக் கடை நின்றன. எங்களுக்கு வேண்டியது வொஷ்சிஸ்னா. கேரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, லீக் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாக விற்கிறார்கள். ‘இத்தாலிச் சமாச்சாரம்’ என்று பொருள். 1518-இல் போலந்து அரசர் முதலாம் சிக்மண்டை மணந்து இந்த ஊருக்கு வந்த இத்தாலிய இளவரசி போனா ஸ்ஃபோர்ஸாதான் இந்தக் காய்களைக் கொண்டுவந்தார் என்றாள் தோழி. பல காய்கள் அதற்கு முன்பே அங்கே விளைந்தவை. இருக்கட்டும், கதை நன்றாக இருக்கிறது. வாவெலுக்குப் போகாவிட்டாலும் அங்கே வாழ்ந்த அரசியின் காய்க்கட்டையாவது சுமந்து வந்தேன்.

ஞாயிறு காலை கண் விழித்தபோதே வீடெல்லாம் வாசனை. ஞாயிறு என்றால் ரோசூவ், அதாவது கோழி சூப். பாட்டி ஒரு வெங்காயத்தை அடுப்புத் தீயிலேயே கறுக்கச் சுட்டு உள்ளே போட்டார். நிறத்துக்காம். அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடுப்பு சிம்மிலேயே இருந்தது. நான் ஒருமுறை தீயைக் கூட்டப் போனேன். கரண்டியால் கையில் ஒரு தட்டு விழுந்தது. கொதித்தால் கலங்கிவிடும், பானைக்குள் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும் என்று தோழி மொழிபெயர்த்தாள். மதியம் தட்டில் வந்தது தேநீர் மாதிரி தெளிந்த சூப். மேலே சின்னச் சின்னக் கொழுப்பு வட்டங்கள். அவற்றைக் ‘கண்கள்’ என்கிறார்கள். அடியில் மெல்லிய நூடுல்ஸ்.

பானை பெரியது. மிச்சம் இருக்கிறதே என்று நான் நினைத்தது தவறு. மிஞ்ச வேண்டும் என்றே வைக்கிறார்கள். திங்கட்கிழமை அதில் தக்காளி விழுதைக் கரைத்து, புளிப்பு க்ரீம் சேர்த்தால் பொமிடொரோவா.

க்ரீம் ஊற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் கிண்ணத்தோடு கவிழ்த்தேன். பானை முழுக்க வெள்ளைத் திரி! முதலில் ஒரு கரண்டி சூடான சூப்பை க்ரீமில் கலந்து, அதற்குச் சூடு பழக்கிய பிறகுதான் பானையில் ஊற்ற வேண்டுமாம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வடிகட்டியை எடுத்தார்.

ஆனால் உண்மையான சண்டை மேசையில்தான் வந்தது. பொமிடொரோவாவுக்குச் சோறா, நூடுல்ஸா? தோழியின் அப்பா வீட்டில் சோறு, அம்மா வீட்டில் நூடுல்ஸ். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் தீராத வழக்கு. தமிழன் எப்படியும் சோற்றுக்குத்தான் கை தூக்குவான் என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். சோறு சூப்பில் ஊறி ஊதிப்போயிருந்தது. நான் நூடுல்ஸ் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் எனக்கு ரொட்டிக் கூடையை நகர்த்தவே இல்லை.

அன்று மாலை பாட்டி ஒரு கண்ணாடி ஜாடியில் ரை மாவையும் வெதுவெதுப்பான நீரையும் கரைத்து, பூண்டு, பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் போட்டுத் துணியால் மூடினார். தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறினால் நாலைந்து நாளில் புளிக்கும். அதுதான் ஈஸ்டருக்கான ஜூரெக் சூப்பின் உயிர். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்க இறைச்சியில்லாத இந்தப் புளிச்சூப்பையும் ஹெர்ரிங் மீனையும் தின்று அலுத்தவர்கள், புனித வாரக் கடைசியில் ஜூரெக் பானையைப் புதைத்தோ உடைத்தோ ‘அடக்கம்’ செய்வார்களாம். பாட்டி இதைச் சொல்லிவிட்டு ஜாடியைப் பத்திரமாக அடுப்போரம் நகர்த்தி வைத்தார்.

புதன்கிழமை எனக்கு ரயில். கிளம்பும்போது துணியை விலக்கி முகரச் சொன்னார். இட்லி மாவு பொங்கத் தொடங்கும்போது வருமே, அந்த வாசனை.

பெர்லினில் சனிக்கிழமைதான் ரை மாவு வாங்கிக் கரைத்தேன். ஞாயிறு காலை தோழி படம் அனுப்பினாள்: ஜூரெக், வெள்ளைத் தொத்திறைச்சி, பாதியாக வெட்டிய முட்டை. என் ஜாடியில் நுரைகூட வரவில்லை. பூண்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.