கண் மஞ்சளானால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்

யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் உடனே கேட்பது, "இதுக்கு என்ன மருந்து?" என்றுதான். அதற்கு ஒரே பதில் கிடையாது. காய்ச்சலைப் போலவே காமாலையும் ஓர் அறிகுறி.

ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பு நிறம்கூட அதிலிருந்து வருவதுதான். ரத்தத்தில் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும் இது 2, 3-ஐத் தாண்டும்போது கண்ணில் தெரிய ஆரம்பிக்கும்.

மலேரியாவில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், ஹெபடைடிஸ் வைரஸோ மதுவோ அளவு மீறிய பாராசிட்டமாலோ கல்லீரலைக் கெடுத்தாலும், கல்லோ கணையப் புற்றுநோயோ பித்தக்குழாயை அடைத்தாலும், வெளியே தெரிவது அதே மஞ்சள்தான். அடைப்பு இருந்தால் மலம் வெளுத்துப்போகும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும், உடம்பு அரிக்கும். இதையெல்லாம் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், நோயைக் கண்டுபிடிக்க அவ்வளவு உதவும்.

என் ஆதங்கம் ஒன்றுதான். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணமாக்கியது என்று நம்பிவிடுகிறோம், அப்புறம் அதையே பித்தக்குழாயில் கல் அடைத்திருப்பவருக்கும் சிபாரிசு செய்கிறோம். அவருக்கோ எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பித்தக்குழாயில் கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெபடைடிஸ் சி-யை 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டே பெரும்பாலானவர்களுக்குக் குணமாக்க முடிகிற காலத்தில், பரிசோதனையே செய்யாமல் நாட்களைக் கடத்துவது எவ்வளவு பெரிய இழப்பு!

பச்சிளம் குழந்தைகளின் கதை வேறு. கல்லீரல் இன்னும் பழகாததால் பலருக்கு லேசான மஞ்சள் வந்து போகும், அதிகமானால் நீல ஒளியில் வைப்பார்கள். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. பிலிரூபின் மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும்.

பெரியவர்களில், காமாலையோடு பேச்சில் குழப்பம், அளவு கடந்த தூக்கம், ரத்தக்கசிவு, குளிர்க்காய்ச்சல், கடும் வயிற்றுவலி என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிகள் இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு மிகவும் ஆபத்தானது.