காலாண்டில் 19, பொதுத்தேர்வில் 61: இயற்பியலில் என்னைக் கரையேற்றிய ஒரே கேள்வி

பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்த காலத்தில், ரிசல்ட் வந்த நான்காம் நாள் எழுதியது இது. இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70க்கு 61. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 91. காலாண்டில் இதே 70க்கு நான் வாங்கியது 19. பார்க்கிறவர்கள் எல்லாம் எந்த டியூஷன் என்று கேட்கிறார்கள். டியூஷன் இல்லை. என்னைத் தூக்கிவிட்டது எங்கள் அப்பாவின் லாரி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வினாத்தாள் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. முதல் மூன்று அலகுகளை மட்டும், அதிலும் மூன்றாவது அலகான இயக்க விதிகளைத்தான் பேசப் போகிறேன். அந்த அலகு புரிந்தால் வேலை, ஆற்றல், திருப்புவிசை எல்லாம் தானாக வழிக்கு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

காலாண்டில் வந்த கணக்கு இது. 10 கிலோ பெட்டி ஒன்று கிடைத்தளத் தரையில் ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. அதைக் கிடைமட்டமாக 20 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? பெட்டியின் முடுக்கம் எவ்வளவு?

கையில் சூத்திரம் இருந்தது. உராய்வு என்றால் மியூ, அதாவது உராய்வுக் குணகம், பெருக்கல் செங்குத்து விசை, அதாவது தரை பெட்டியைத் தாங்கும் விசை. 0.4 × 10 × 9.8 = 39.2 நியூட்டன். கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் இட்டேன். அதோடு விட்டேனா? நிகர விசை 20 கழித்தல் 39.2, அதாவது மைனஸ் 19.2. பத்தால் வகுத்து, முடுக்கம் மைனஸ் 1.92 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது சார் அந்த மைனஸைச் சிவப்பு மையால் சுழித்துப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "நீ தள்ளினால் பெட்டி உன்னையே திருப்பித் தள்ளுமா?"

வகுப்பில் அதைச் சத்தமாகவும் படித்துக் காட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார், ஆயுத பூஜைக்கு மட்டும் எப்படியும் வந்துவிடுவார். காலாண்டு விடுமுறையும் அதே சமயத்தில்தான் வரும். வண்டியைக் கழுவ நான் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்க் கதை ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது. பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"ஏம்ப்பா, லோடைக் கயிறு போட்டுக் கட்டலைன்னா பிரேக் போடறப்ப எல்லாம் முன்னாடி சரியுமா?"

"மெதுவாப் புடிச்சா சரியாது கண்ணு. மூட்டை வண்டியோட சேந்துதான் நிக்கும். குறுக்க எவனாச்சும் வந்து சட்டுன்னு மிதிச்சோம்னாத்தான் கேபினுக்கு வந்து சேரும்."

அதே மூட்டை, அதே பலகை. மெதுவான பிரேக்குக்கு உராய்வு கொஞ்சம் பிடித்தால் போதும், கொஞ்சம்தான் பிடிக்கிறது. அழுத்தினால் கூடுதலாகப் பிடிக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் கேட்டால் கைவிட்டுவிடுகிறது. அப்படியானால் ஓய்வுநிலை உராய்வு என்பது ஒற்றை எண் இல்லை. பூஜ்யத்தில் தொடங்கி ஓர் உச்சம் வரை, கேட்ட அளவுக்குத் தருவது. மியூ பெருக்கல் செங்குத்து விசை என்பது அந்த உச்சம் மட்டும்தான். நான் அந்த உச்சத்தையே விடை என்று எழுதியிருந்தேன். பெட்டி கேட்டது 20, உராய்வு கொடுத்தது 20, முடுக்கம் பூஜ்யம். அவ்வளவுதான் கணக்கு.

வாளியைக் கீழே வைத்துவிட்டு நான் நின்றதைப் பார்த்து, தண்ணீர் எங்கே என்று அப்பா சத்தம் போட்டார்.

அன்றிலிருந்து உராய்வு என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒன்று எழுதுவேன்: நகருமா? பொதுத்தேர்வு விடைத்தாளிலும் எழுதி அழித்தேன். அதே பெட்டியை 50 நியூட்டனால் தள்ளினால் நகரும், ஏனென்றால் 39.2ஐத் தாண்டிவிட்டது. நகர்ந்த பிறகு ஓய்வுநிலைக் குணகத்துக்கு வேலை இல்லை, இயக்க உராய்வுக் குணகம்தான் கணக்கு. அது 0.3 என்றால் உராய்வு 29.4. மிச்சம் 20.6, முடுக்கம் 2.06. வீட்டில் பீரோவை நகர்த்தியவர்களுக்கு இது புதிதில்லை. முதல் தள்ளுக்குத்தான் மூச்சு வாங்கும், கிளம்பிவிட்டால் சும்மா போகும்.

இனி நான் செய்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

1. எந்தக் கணக்கானாலும் முதலில் தனித்த பொருளின் விசைப்படம். பொருள் ஒரு புள்ளி, அதன்மேல் அம்புகள். ஒவ்வொரு அம்புக்கும் "யார் கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பூமி, தரை, கயிறு, கை. கொடுக்க ஆள் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள்.

2. செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைக்காதீர்கள். கயிறு கட்டிச் சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் அது எடையைவிடக் குறையும், சாய்வாகக் கீழ்நோக்கித் தள்ளினால் கூடும். அது கூடினால் உராய்வின் உச்சமும் கூடும். தள்ளுவதைவிட இழுப்பது ஏன் எளிது என்ற கேள்விக்கு முழு விடையும் இதற்குள்தான்.

3. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 5/18ஆல் பெருக்காமல் போட்டு நான் இழந்த மார்க்குக்குக் கணக்கே இல்லை.

4. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும் மேசை கொடுக்கும் செங்குத்து விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசை, எதிர்விசை ஜோடி அல்ல. இரண்டும் ஒரே பொருளின்மேல் இருக்கின்றன. எடைக்கு ஜோடி, புத்தகம் பூமியை மேலே இழுக்கும் விசை. ஒரு மார்க் வினாக்களில் இந்தப் பொறி அடிக்கடி வரும்.

5. லிஃப்ட் கணக்கு: மேல்நோக்கி முடுக்கம் என்றால் அதை ஜி-யோடு (புவியீர்ப்பு முடுக்கம், 9.8) கூட்டு, கீழ்நோக்கி என்றால் கழி. இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

சறுக்கு கோணத்தை எப்படிப் படித்தாலும் எனக்கு ஏறவில்லை, செய்து பார்த்தேன். இயற்பியல் புத்தகத்தின் அட்டைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஒரு பக்கத்தை மெல்ல மெல்லத் தூக்கினேன். நாணயம் சறுக்கத் தொடங்கிய இடத்தில் பிடித்துக்கொள்ள, தங்கச்சி ஸ்கேல் வைத்து அளந்தாள். உயரம் 10 செ.மீ., அடிப்பக்கம் 25 செ.மீ. வகுத்தால் 0.4. அதுதான் சறுக்கு கோணத்தின் டேன் மதிப்பு, அதுவே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். பிறகு அதே நாணயத்தின்மேல் இன்னொன்றை செல்லோடேப்பால் ஒட்டித் தூக்கினோம். எடை இரண்டு மடங்கு, ஆனால் சறுக்கியது கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். நிறை இரு பக்கமும் வருவதால் அடிபட்டுப் போகிறது என்று புத்தகம் சொல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் தருவித்தலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தொடு பரப்பு கூடினாலும் உராய்வு கூடாது என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி அமோன்டன்ஸ் 1699லேயே சொல்லியிருக்கிறார். பின்னால் அதை விரிவாகச் சோதித்தவர், பிளஸ் டூ நிலைமின்னியலில் வரப்போகிற அதே கூலூம். மனிதர் எங்கே போனாலும் வருகிறார்.

வளைவுப்பாதைக்கு எனக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. சமதளச் சாலையில் வண்டியை வளைவுக்குள் இழுத்துப் பிடிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்வு மட்டும்தான். இங்கேயும் அதே கதை: வேகத்துக்கு ஏற்ப வண்டி கேட்கும், எல்லைவரை உராய்வு தரும். ஆரம் 20 மீட்டர், குணகம் 0.5, ஜி-யை 10 என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் உச்ச வேகம் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். மழையில் குணகம் 0.2க்கு இறங்கினால் அதே வளைவில் மணிக்கு 23தான். நிறை இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. அதனால் லாரிக்கும் மொபெட்டுக்கும் ஒரே எல்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ முதல்ல லோடு வண்டி ஓட்டிப் பாரு" என்றார். லோடு உயரமாக இருந்தால் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும் என்பது அவர் கவலை. அது பாடத்தில் அடுத்த அலகுகளில் வரும் சமாச்சாரம்.

விசைப்படத்தில் மையநோக்கு விசை, மையவிலக்கு விசை என்று எதிரெதிரே இரண்டு அம்பு போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தரையில் நின்று பார்த்தால் மையவிலக்கு விசை கிடையாது. வண்டிக்குள்ளே உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் அது.

படிக்கும் முறை பற்றிக் கேட்டால் நான் சொல்வது எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்குச் சத்தமாகப் படித்தால் எதுவும் நிற்காது. நான்கு பேர் கூடிப் படித்தபோது பரோட்டா சாப்பிட்டதுதான் மிச்சம். இரவு பத்து மணிக்குமேல் தனியாக, ஒரு நாளைக்கு நான்கே கணக்கு. நான்கையும் படம் போட்டு, விடை அலகோடு எழுதினால்தான் தூக்கம். வழிகாட்டி நூல்கள் மூன்று வாங்கினேன், இரண்டில் உராய்வுக் கணக்குக்கு என்னுடைய காலாண்டு விடையையே போட்டிருந்தார்கள்.

ஒரு புள்ளியில் மூன்று விசைகள் சமநிலையில் இருப்பது பற்றிய லாமி தேற்றத்தை மூன்று மார்க்குக்கு மட்டும் படித்தேன். ராக்கெட் உந்துகையைத் தொடவே இல்லை, இது புத்திசாலித்தனம் இல்லை, சோம்பேறித்தனம்.

போன ஒன்பது மார்க்கில் மூன்று எங்கே போனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன், அம்மா 91 போதாதா என்கிறார். கணக்கு நோட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பதினாறாம் பக்கத்தில் அந்த 39.2 அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை. அவன் பார்த்துக் கேட்கிறானா, பார்ப்போம்.