டர்ட்டி ஷட்டவுனில் நிற்கும் எக்ஸ்சேஞ்ச் பேக்கப்: ரிப்பேரில் கை வைப்பதற்கு முன்

மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில், பேக்கப்பிலிருந்து இறக்கிய இடிபி ஃபைல் (மெயில்கள் இருக்கும் டேட்டாபேஸ்) மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வரில் திறக்கவில்லை என்றதும் பலருடைய கை நேராக இஎஸ்இயூட்டில் என்ற கமாண்ட் கருவியின் /பி ஸ்விட்சுக்குப் போகிறது. பெயர்தான் ரிப்பேர். டேட்டாபேஸ் பக்கம் பக்கமாகத்தான் எழுதப்படுகிறது; படிக்க முடியாத பக்கங்களை அது தூக்கி எறிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் ஒரு பக்கம் 32 கேபி. அதில் இருந்தது போனது போனதுதான். ஆகவே அது கடைசி வழி, அதுவும் நகல் மீது மட்டும்.

முதலில் இடிபி, மாற்றங்கள் பதிவாகும் லாக் ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, இஎஸ்இயூட்டிலில் /எம்ஹெச் போட்டு இடிபியின் ஹெடரை, அதாவது அதன் நிலையைச் சொல்லும் தலைப்பகுதியைப் பாருங்கள். 'டர்ட்டி ஷட்டவுன்' என்றால் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. லாக்கில் எழுதப்பட்ட சில மாற்றங்கள் இன்னும் இடிபிக்குள் ஏறவில்லை, அவ்வளவே. எந்தெந்த லாக் தேவை என்று 'லாக் ரிக்கொயர்டு' வரி சொல்லும். சறுக்குகிற இடமும் அதுதான். அங்கே 74565-74580 என்று இருந்தால், 74565 என்ற பெயரில் லாக்கைத் தேடிப் பயனில்லை. ஃபைல் பெயர்கள் ஹெக்ஸா (16 அடிமான) எண்ணில் இருக்கும்; அதே வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 12345-12354தான் நமக்கு வேண்டியது. மொத்தம் 16 லாக், ஒவ்வொன்றும் 1 எம்பி. முதல் ஃபைலின் பெயர், லாக்குகளின் பொது முன்னொட்டான இ00-ஐ அடுத்து 00012345 என்று இருக்கும். கடைசி லாக் எண்ணில்லாமல் வெறும் இ00 என்ற பெயரிலேயே கிடக்கவும் வாய்ப்புண்டு.

/எம்எல் போட்டு லாக் வரிசையைச் சோதியுங்கள். -528 வந்தால் லாக் காணவில்லை, -501 வந்தால் லாக் கெட்டிருக்கிறது. காணாமல் போனதை ஆன்டிவைரஸ் ஒதுக்கி வைக்கும் குவாரன்டைனிலும் தேடிப் பாருங்கள். லாக் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்காத சர்வர்களில் அங்கே மாட்டியிருக்கும்.

வரிசை முழுமையாக இருந்தால், லாக்கில் உள்ள மாற்றங்களை இடிபிக்குள் ஏற்ற, லாக் ஃபோல்டருக்குள் நின்றபடி /ஆர் இ00 ஓட்டுங்கள். /டி போட்டு இடிபி இப்போது இருக்கும் ஃபோல்டரைச் சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் லாக்கில் பதிவான பழைய பாதையில் தேடும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் -1216 என்ற பிழை வரும். அதைத் தாண்ட /ஐ சேர்த்தால் இன்னும் மோசம்: நம் ஃபைலைத் தொடாமலே 'வெற்றி' என்று முடியும். அதனால் முடிந்தபின் மறுபடி /எம்ஹெச். 'க்ளீன் ஷட்டவுன்' என்று கண்ணால் பார்த்தபிறகே அடுத்த வேலை.

-1018 வந்தால் கதை வேறு. பக்கத்தின் செக்சம் (உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் டிஸ்க் அல்லது கன்ட்ரோலர் பக்கக் கோளாறு. பழைய முழு பேக்கப் ஒன்றும், அன்றிலிருந்து அறுபடாத லாக் வரிசையும் இருந்தால் /பி-யைவிட அதுவே மேல். இரண்டும் இல்லாதபோதுதான் /பி. அதற்குப் போதிய காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிழைத்த டேட்டாபேஸில் பயனர்களை மறுபடி ஏற்றக்கூடாது, மெயிலை எடுத்துக்கொள்ள மட்டும்தான் அது.

எடுப்பதற்கு, மீட்ட இடிபியைத் திறந்து மெயில் எடுக்க மட்டும் பயன்படும் ரெக்கவரி டேட்டாபேஸ் ஒன்றை எக்ஸ்சேஞ்சில் உருவாக்குங்கள். அதில் கொடுக்கும் பாதையும் ஃபைல் பெயரும் நம் இடிபியோடு அச்சாகப் பொருந்த வேண்டும். மவுண்ட் செய்து, மெயிலை நகலெடுக்கும் ரிஸ்டோர் ரெக்வெஸ்ட்டை மெயில்பாக்ஸ் வாரியாக ஓட்டுங்கள், தனி ஃபோல்டருக்குள் இறக்குங்கள். எத்தனை கெட்ட ஐட்டம் வரை விட்டுவிட்டுத் தொடரலாம் என்ற வரம்பைச் சிறியதாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். 50-ஐத் தாண்டினால் பெரிய இழப்பை ஏற்கிறோம் என்ற ஸ்விட்சையும் சேர்த்தால்தான் ஓடும்.