'செர்'ரும் 'எஸ்தார்'ரும்

ஸ்பானிஷ்ல 'இரு'ங்கிறதுக்கு 'செர்', 'எஸ்தார்'னு ரெண்டு வினை இருக்கு. படிக்க ஆரம்பிச்சதுமே ஒரு விதி சொல்லுவாங்க: நிரந்தரம்னா 'செர்', தற்காலிகம்னா 'எஸ்தார்'. தயவுசெஞ்சு இதை மட்டும் நம்பிடாதீங்க. இறந்துபோனவரை 'எஸ்தா முயெர்த்தோ'ன்னுதான் சொல்றாங்க ('எஸ்தா'ங்கிறது எஸ்தாரோட வடிவம்). சாவைவிட நிரந்தரம் என்ன இருக்கு?

'எஸ்தார்' லத்தீன் 'ஸ்தாரே'யில இருந்து வந்தது, நிற்கிறதுன்னு அர்த்தம். ஒண்ணு எந்த நிலையில, எந்த இடத்துல நிக்குதுன்னு பார்க்கிற வினை. அதனால மத்ரித் ஸ்பெயின்ல இருக்குன்னாலும் எஸ்தார்தான். ஆனா விருந்து எங்க நடக்குதுன்னு சொல்ல செர் வரணும்: 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா', அதாவது விருந்து என் வீட்டுல ('எஸ்'ங்கிறது செர்ரோட வடிவம்).

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி இது. 'எஸ் அபுர்ரீதோ'ன்னா ஆளு சரியான அறுவை. 'எஸ்தா அபுர்ரீதோ'ன்னா, பாவம், அவருக்குத்தான் போரடிக்குது. புதுசா படிக்கிறவங்க இந்த ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.