மழைக்கு முன்பே வரும் மின்னல்

ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள டார்வின் நகரில் அக்டோபர் பிறந்தாலே வேலையிடத்தில் எல்லாருக்கும் சிடுசிடுப்பு. மழை வராது, புழுக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இங்கே இதை 'பில்ட்-அப்' என்பார்கள். பக்கத்து ககாடு பகுதிப் பூர்வகுடிகள் இந்தப் பருவத்துக்குக் குனுமெலெங் என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

மின்னலுக்கு இதுதான் காலம். வடக்கே திவி (Tiwi) தீவுகளின் மேல் பெரும்பாலான பிற்பகல்களில் ஒரு இடிமேகம் எழும். அதற்கு ஹெக்டர் என்று பெயரே உண்டு! தீவின் இரு கரைகளிலிருந்தும் வரும் கடற்காற்றுகள் நடுவில் முட்டிக்கொள்ள, சூடான ஈரக்காற்று மேலே போக வழி தேடும். உச்சி சில நாள் 20 கிலோமீட்டரைத் தொடும். உள்ளே பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் உரசி மின்னூட்டம் பிரிந்ததும் கச்சேரி ஆரம்பம்.

பருவமழை சரியாகப் பிடித்துவிட்டால் நாள் முழுக்கக் கொட்டும்; மின்னலோ குறைந்துவிடும். கடலிலிருந்து வரும் அந்த மேகங்களில் மேலெழும் காற்றுக்கு அவ்வளவு வேகம் இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும்.

அதே மாதங்களில் தென்மேற்கே பெர்த் நகரில் இருக்கும் என் தம்பி இடி என்று போன் செய்வான்! அங்கே குளிர்காலக் கடலிலிருந்து வரும் குளிர்முகங்கள், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்புகள், இடியைக் கொண்டுவரும். நாட்டின் தென்கிழக்கில் மின்னலுக்குக் காலம் கோடைதான், ஆனால் பயம் வேறு: மழையில்லாத மின்னல். 2003 ஜனவரி 8 அன்று அப்படி விழுந்த மின்னல்கள் மூட்டிய தீ, பத்து நாளில் தலைநகர் கான்பெராவுக்குள் புகுந்து நான்கு உயிர்களைக் குடித்தது.