சட்ட உதவி வக்கீலின் வாய்தா நோட்டு

ஜூன் 2, திங்கள்

ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க நடுவரிடம் உத்தரவு வாங்க, ஆளைக் கொண்டுவருவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். கைதாகி 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த 24 எப்போது ஆரம்பித்தது? கைதுக் குறிப்பில் மாலை 4 மணி என்றிருக்கும். ஆளைக் கேட்டால், முந்தின நாள் காலையிலிருந்தே ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்ததாகச் சொல்வார்.

கிடைப்பது ஐந்து நிமிடம், அதுவும் காவலர் காதில் விழும் தூரத்தில். அங்கே சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது. எப்போது பிடித்தார்கள், காரணத்தைச் சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, வயதென்ன, அடிபட்டிருக்கிறதா, இவ்வளவுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் கைகள் நம் ஊரில் எல்லோரும் அறிந்த சங்கதி. காயம் இருந்தால் நடுவரிடம் அப்போதே காட்டி, ரிமாண்ட் உத்தரவிலேயே பதியச் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்துச் சொன்னால் சிறையில் பட்டது என்பார்கள்.

கைதுக்கான காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன்படி நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்காமல் ஏன் கைது செய்தார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கான காரணப் பட்டியல் ரிமாண்ட் காகிதங்களோடு இருக்கும். அச்சடித்த தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தால் யாரும் யோசித்து அடிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்றைய வழக்கு வீட்டுக்குள் திருடியதாக, பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 305. உச்ச தண்டனை ஏழு ஆண்டு, ஆகவே 60 நாள் கணக்கு: அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. டைரியில் ஆகஸ்ட் 1 தாளை மடித்து வைத்தாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

ஜாமீன் மனு தள்ளுபடி. விசாரணை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறதாம். அடுத்து செஷன்ஸ் கோர்ட், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 483.

வரிசையில் நின்ற ஒரு அம்மா, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்குமா என்று கேட்டார். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எவருக்கும் வருமான வரம்பே கிடையாது. சிறையில் இருக்கிறார் என்பதே போதும்.

ஜூன் 20, வெள்ளி

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியல் பார்க்கும் நாள். உத்தரவு கிடைத்து ஏழு நாளாகியும் ஆள் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி உத்தரவு. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம்.

தடங்கல் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். இரண்டு ஜாமீன்தாரர் கேட்ட இடத்தில் ஒருவர்தான் வந்திருப்பார். ஆதாரில் ஒரு இனிஷியல், வீட்டுவரி ரசீதில் இன்னொன்று. வாடகை வீட்டுக்காரரின் பெயரில் ரசீதே இருக்காது. எல்லாம் சரியாகி உத்தரவு சிறைக்குப் போனால், வாரண்டில் தகப்பன் பெயர் பிழை. அதுவும் சரியானால் வேறொரு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்கு ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) காத்திருக்கும். ஆகவே ஜாமீன் மனு எழுதும்போதே நிலுவை வழக்குகளையும் வாரண்ட் பெயரையும் சரிபார்ப்பது நல்லது. சொந்தப் பிணையில் விடக் கேட்பதென்றால் வருமானம், குடும்பம், குடியிருந்த காலம் எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். "ஏழை" என்ற ஒரு சொல் வேலைக்காகாது.

ஜூலை 17, வியாழன்

குறுக்கு விசாரணை, வேறு வழக்கு. அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, கூண்டில் ஏறி, "கத்தியைக் காட்டி மிரட்டினார்" என்றார். விசாரணையின்போது போலீசில் கொடுத்த வாக்குமூலத்தில் (பி.என்.எஸ்.எஸ். 180) கத்தியே இல்லை. இதை விட்டுவிட்டு வீராவேசமாக இருபது கேள்வி கேட்பது இளசுகளின் வழக்கம். "கத்தி பற்றி போலீஸ் விசாரணையில் நான் சொல்லவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று சாட்சி மறுப்பது சாட்சியத்தில் பதிவானால் பாதி வேலைதான் முடிந்தது. மீதி, விசாரணை அதிகாரி கூண்டேறும் நாளில். "இந்தச் சாட்சி உங்களிடம் கத்தியைப் பற்றிச் சொன்னாரா?" என்று கேட்டு, இல்லை என்று அவர் வாயால் வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எட்டு மாதம் ஓடிவிடும். வக்கீல் மாறியிருந்தால் அந்தக் கேள்வி விட்டுப்போகும். அதனால் வழக்குக் கட்டின் முதல் தாளிலேயே சிவப்பு மையில்: "வி.அ.விடம் கேட்க: கத்தி."

ஆகஸ்ட் 1, வெள்ளி

மடித்த தாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023இல் தீர்ப்பாகிவிட்டது. ஜூனில் 29, ஜூலையில் 31, மொத்தம் 60. நேற்று மாலை வரை குற்றப்பத்திரிகை வரவில்லை. இன்று 61ஆம் நாள். கோர்ட் திறந்ததும், கெடு தாண்டியதற்காக ஜாமீன் கேட்கும் 187(3) மனு உள்ளே போக வேண்டும். அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மத்தியானமே குற்றப்பத்திரிகை வந்துவிடும். மனுப் போடாத உரிமை அதோடு போயிற்று. எழுதி முடியவில்லையா, எழுந்து வாய்மொழியாகவே கேட்கலாம்; ஆனால் கேட்டது கோர்ட் பதிவில் ஏற வேண்டும். எழுத்து மனுவில் தாக்கல் நேரத்தை முத்திரையோடு வாங்குவது அவசியம்.

இதற்கும் ஜாமீன்தாரர் வேண்டும். கோர்ட் சொன்ன கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் கிடைத்ததும் கைநழுவும். இரண்டு பேரின் காகிதங்களும் 55ஆம் நாளே வாங்கி வைத்தாயிற்று, இந்த முறை இனிஷியல் ஒன்றாகவே இருக்கிறது. பணம் கட்டச் சொல்லும் நிபந்தனையை இந்த வகை ஜாமீனில் போட முடியாது என்பதற்கு 2020 தீர்ப்பின் நகலும் கட்டில் இருக்கிறது.